லொறிக்காரர் வயர் இழுத்த பாய்ப்படகு

போன கிழமை போயா நாள், பௌர்ணமி விடுமுறை. கொழும்பு முழுக்கக் கடை பூட்டிப் படுத்திருந்த நேரத்தில், நான் மட்டக்குளியில் ஒரு பாய்ப்படகின் வயிற்றுக்குள் தலைகீழாகக் கிடந்தேன். வாயில் டோர்ச். கையில் ஸ்குரூ டிரைவர். விலாவில் ஒரு போல்ட் குத்திக்கொண்டிருந்தது.

சந்தோஷமாக இருந்தேன். நம்புவீர்களா?

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் சாதகம் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு. பிறகு லொறி கிளீனர், வயரிங் கராஜ், ஹோட்டல், அச்சகம், மறுபடியும் லொறி... ஓரிடத்தில் நின்றால் எனக்குக் கால் அரிக்கும். ஆனால் பாய்ப்படகு? அதை அதுவரை காலண்டரில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். காலண்டர் படத்துக்குள் ஏறிப் படுக்க ஒருவன் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

கூப்பிட்டவன் அன்ரன். கொட்டாஞ்சேனைக்காரன். ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகளுக்கு வயர் இழுக்கிற கராஜில், ஒரே லொறிக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தொழில் பழகியவர்கள் நாங்கள். நான் வழக்கம்போல ஓடிவிட்டேன். அவன் நின்று பிடித்தான். இப்போது மட்டக்குளியில், களனி கங்கை கடலில் விழுகிற இடத்துக்குக் கிட்ட, பைபர் படகு செய்கிற யார்ட் ஒன்றில் வேலை.

"மச்சான், ஒடனே வா. நாலு சொக்கெட்ல மூணு செத்துக் கெடக்கு. என்னன்னு வெளங்கல. நாளைக்கு விடிய போட் போகுது" என்றான் போனில்.

சொக்கெட் என்றால் நம் வீட்டுச் சுவரில் இருப்பது அல்ல. காரில் சிகரெட் பற்றவைக்க ஓர் உருண்டை ஓட்டை இருக்குமே, அதுதான். பன்னிரண்டு வோல்ட். இந்தக் காலத்தில் அதில் யார் சிகரெட் பற்றவைக்கிறார்கள்? போன் சார்ஜ் செய்யத்தான். இந்தப் படகில் அப்படி நான்கு. மூன்று அறைக்குள், கட்டிலுக்கும் மேசைக்கும் பக்கத்தில். ஒன்று பின்னால், எஞ்சின் பெட்டிக்குள்.

எஞ்சின் பெட்டியில் இருந்தது மட்டும் வேலை செய்தது. அங்கே போனை வைத்தால் சார்ஜ் ஆகும். கூடவே எஞ்சின் சூட்டில் பொரிந்தும் போகும்.

சரி, ஒரு போன் சார்ஜ் ஆகாவிட்டால் உலகம் கவிழ்ந்துவிடுமா? இந்த முறை கவிழப் பார்த்தது. காரணம் சுதன்.

சுதன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. படகுக்குப் பின்னால் மாட்டுகிற வெளியிணைப்பு மோட்டர் எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவான். கப்பலில் வேலை செய்ய வேண்டிய மாலுமிப் புத்தகமும் வைத்திருக்கிறான். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நான் கொஞ்சக் காலம் கிடந்தபோது, அடுத்த அறையில் அவனும் அவன் தாய் பாக்கியம் அக்காவும். அந்த லொட்ஜில் கதவு தட்டினால் முதலில் அடையாள அட்டையைத் தேடுவோம், பிறகுதான் செருப்பை. பொலிஸ்காரர் வந்து சுதனை விசாரணைக்குக் கொண்டுபோவார்கள், விடுவார்கள். மறுபடியும் கொண்டுபோவார்கள், விடுவார்கள். ஒவ்வொரு முறையும் பாக்கியம் அக்கா லொட்ஜ் வாசலிலேயே நிற்பார். அடுத்த முறையும் விடுவார்கள் என்று எவர் எழுதிக் கொடுப்பார்?

ஆகவே, மாலைதீவு ஹோட்டல் ஒன்றுக்காக இந்தப் படகு செய்யப்படுகிறது, கொண்டுபோய்க் கொடுக்க ஓர் உதவியாள் வேண்டும், அங்கேயே வேலையும் கிடைக்கும் என்று அன்ரன் சொன்னபோது சுதனைச் சேர்த்துவிட்டது நான்தான்.

காப்டன் ஒரு டென்மார்க்காரர். வெயிலில் வெந்த இறால் நிறம். படகில் அவரும் சுதனும் இரண்டே பேர். கடற்படை அனுமதி கிடைத்துவிட்டது, அந்த ஒரு காலைக்கு மட்டும். அந்தக் காலை தவறினால் மறுபடியும் முதலில் இருந்து விண்ணப்பம். மறுபடியும் பெயர், மறுபடியும் பிறந்த இடம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், படகு, கடல்... ஒருமுறை எப்படியோ தாண்டிவிட்டது. கையெழுத்துப் போட்ட அதிகாரி முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கி எழுந்திருக்கலாம். அடுத்த முறையும் அவர் நன்றாகத் தூங்க வேண்டுமே!

காப்டனோ, கை றேடியோவைக் கட்டிலுக்குப் பக்கத்து ஓட்டையில் செருகிப் பார்த்துவிட்டு ஒரே சொல் சொல்லியிருக்கிறார்: அறைக்குள் றேடியோவும் ஜி.பி.எஸ்ஸும் சார்ஜ் ஆகாமல் கயிறு அவிழ்க்க மாட்டேன். சொல்லிவிட்டு ஏஜென்டைப் பார்க்கப் போய்விட்டார். பின்னேரம்தான் வருவார்.

இது போதாது என்று பாக்கியம் அக்காவும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "கரை தெரியிற மட்டும் அவன்ர போன் அடிக்கவேணும். பிறகு மாலைதீவு தெரிஞ்ச உடன அடிக்கவேணும். நடுவில பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார். போனுக்குக் கரண்ட் இல்லையெண்டால், மோனை, நீ இறங்கி வா."

ஆக, மூன்று ஓட்டைகள். பின்னேரத்துக்குள்.

இறங்கினேன்.

அடடா... அந்தப் படகை என்னென்று சொல்வது! கங்கைத் தண்ணீரில் மெல்ல ஆடுகிற ஒரு குட்டி வீடு. சுவர் வெள்ளை, மெத்தை நீலம். என் கொட்டாஞ்சேனை அறையை விட இதில் ஜன்னல் அதிகம். மேலே கொடிமரத்தில் கயிறுகள் டிங் டிங் என்று தட்டிக்கொண்டே இருந்தன. எனக்கு அப்போதே மாலைதீவு தெரியத் தொடங்கிவிட்டது.

"ரசிக்கிறது பொறகு. லைட்டப் பிடி" என்றான் அன்ரன்.

லொறி வயரிங்காரனின் டாக்டர் யார் தெரியுமா? ஒரு சின்ன பல்ப். அதிலிருந்து இரண்டு வயர் நீளும். ஒன்றின் நுனியில் முதலைவாய்க் கிளிப், மற்றதில் ஊசி. கிளிப்பை எஞ்சின் இரும்பில் கவ்விவிட்டு, ஊசியால் சந்தேகப்பட்ட இடத்தைத் தொடுவோம். பல்ப் எரிந்தால் கரண்ட் இருக்கிறது. எரியாவிட்டால் இல்லை. இவ்வளவுதான் எங்கள் மருத்துவம்.

முதல் ஓட்டைக்குள் ஊசியை விட்டோம். பல்ப் பளிச்! இரண்டாவது... பளிச்! மூன்றாவது... பளிச்!

போனைச் செருகினோம். பிணம்.

"அண்ணை, கரண்ட் வருதெண்டால் ஏன் ஏறுதில்லை?" என்று கேட்டான் சுதன்.

"அது தெரிஞ்சா நாங்க ஏன்டா லொறிக்கடியில படுத்தம்?" என்றான் அன்ரன்.

பியூஸ் மாற்றினோம். சொக்கெட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டு மினுக்கினோம். சுதனின் போன், அன்ரனின் போன், என்னுடைய பழைய செங்கல் போன் எல்லாம் மாறி மாறிச் செருகினோம். சார்ஜரில்தான் பிழையோ என்று மூன்றையும் எஞ்சின் பெட்டிக்குள் கொண்டுபோய்ப் பார்த்தோம். அங்கே மூன்றிலும் சார்ஜ் விளக்கு எரிந்தது! திரும்ப அறைக்குள் வந்தால் மூன்றும் பிணம்.

அன்ரனுக்கு வியர்த்துக் கொட்டியது. "யார்ட்ல வச்சு டெஸ்ட் பண்ணி எல்லாம் எரிஞ்சிச்சு மச்சான். யார்ட் மொதலாளி, பெரியவர், கண்ணால பாத்தார். தண்ணில எறக்கினோடனதான் இப்பிடி."

"அப்ப தண்ணிக்குப் பயந்த கரண்ட்" என்றேன்.

அவன் மறுபடியும் பியூஸைக் கழற்றினான்.

இப்படி நாங்கள் நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தபோது, வெளியே ஓர் ஓட்டோ வந்து நின்ற சத்தம். சத்தம் என்றால் எஞ்சின் சத்தம் அல்ல. சிங்களப் பைலாப் பாட்டு! சீட்டுக்குப் பின்னால் இரண்டு ராட்சத ஸ்பீக்கர் வைத்த ஓட்டோ. ஓட்டி வந்தவர் நிமல். வெள்ளவத்தையில் எங்கள் லொட்ஜுக்கு எதிரே நிற்கிற சிங்களப் பிள்ளை. அந்தப் பைலாவுக்கு நடுவிலிருந்து, சேலைத் தலைப்பால் காதைப் பொத்தியபடி இறங்கினார் பாக்கியம் அக்கா. ஒரு கையில் இடியப்பப் பார்சல், மறு கையில் பருத்தித்துறை வடைப் பை.

"நான் வீடு பாக்க வந்தனான்" என்றார்.

வீடா?

யாழ்ப்பாணத்தில் பெண்ணைக் கொடுக்க முதல் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடிப்பது அல்ல. கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ருசித்து, குசினிப் புகை எந்தப் பக்கம் போகிறது, கூரையில் ஒழுக்கு உண்டா, கதவுக்குத் தாழ்ப்பாள் உறுதியா என்று அத்தனையும் பார்ப்பது. பாக்கியம் அக்காவுக்கு மகள் இல்லை. அந்தச் சடங்கு முழுவதையும் அவர் இந்தப் படகுக்குச் செய்தார்.

அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். மெத்தையை அமுக்கினார். கக்கூஸ் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "தேங்காய் துருவ இடமெங்க?" என்றார். சுதன் வெட்கத்தில் நெளிந்தான்.

"அம்மா, இது கப்பலம்மா..."

"கப்பலெண்டால் பசிக்காதோ?"

கடைசியாகச் சுவருக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டுச் சுவர் கல்லா மண்ணா என்று பார்ப்பது போல விரலை மடக்கித் தட்டினார். டொக். டொக். முகம் மாறியது.

"தம்பி, இதென்ன பிளாஸ்டிக்கே? எங்கட தண்ணித் தாங்கி மாதிரியெல்லோ கிடக்கு. இரும்பே இல்லையோ? இதிலயே என்ர பிள்ளையை அனுப்பப் போறியள்?"

அவரைச் சமாதானப்படுத்த வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

இரும்பே இல்லையோ?

அன்ரனைப் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் இருந்த குறடு தானாக நழுவி நீல மெத்தையில் விழுந்தது.

"மச்சான்," என்றான் அன்ரன், "லொறின்னு நெனச்சிட்டன்டா!"

விளங்காதவர்களுக்கு விளக்குகிறேன். கரண்ட் என்பது போனால் திரும்பி வர வேண்டும். பற்றரியில் புறப்பட்டு, வேலையை முடித்து, பற்றரிக்கே வீடு திரும்ப வேண்டும். திரும்ப வழி இல்லை என்றால் அது புறப்படவே புறப்படாது. அவ்வளவு கெட்டிக்காரச் சரக்கு. ஆனால் லொறியில் நாங்கள் ஒரு வயர்தான் இழுப்போம், போவதற்கு மட்டும். திரும்புவதற்கு? லொறியின் உடம்பே இரும்புதானே! கிட்ட உள்ள ஒரு போல்ட்டில் மறு நுனியை முறுக்கிவிட்டால், கரண்ட் சேசிஸ் வழியாக நடந்தே வீட்டுக்குப் போய்விடும். பாதி வயர் மிச்சம். எங்கள் குருகுலமே இதுதான்.

அந்த யார்ட்டில் அதுவரை செய்தது மீன்பிடிப் படகுகள். அவற்றில் வயரிங் ஏது? ஒரு மோட்டர், ஒரு டோர்ச். வயர் இழுத்த முதல் படகு இதுதான். அன்ரனின் கை பழக்கப்படி கிட்ட உள்ள போல்ட்டைத் தேடி முறுக்கிவிட்டது. நான் வந்து பார்த்தபோதும் அந்த முறுக்கு என் கண்ணில் பிழையாகவே படவில்லை. நானும் அதே லொறிக்கு அடியில் படுத்தவன் அல்லவா! அந்தப் போல்ட்டுக்கு அந்தப் பக்கம் பைபர். பைபருக்கு அந்தப் பக்கம் களனி கங்கை. கரண்ட் எங்கே போகும், பாவம்?

எஞ்சின் பெட்டியில் இருந்தது ஏன் எரிந்தது? எஞ்சின் இரும்பு, அதற்கும் பற்றரிக்கும் தடித்த வயர் உண்டு. பல்ப் ஏன் எரிந்தது? கிளிப்பை எஞ்சினில் கவ்வி, திரும்பும் வழியை நாங்களே கையில் பிடித்துக்கொண்டு படகு முழுக்கத் திரிந்தோமே! யார்ட்டில் பெரியவருக்கு எரித்துக் காட்டியதும் இதே பல்ப்தான். டாக்டர் பொய் சொல்லவில்லை. நோயாளிக்குச் சோறு கொடுத்துக்கொண்டே பசியைச் சோதித்தோம்.

"அக்கா, நீங்க தெய்வம்!" என்று அன்ரன் கத்தினான்.

"நான் கேட்டதுக்குப் பதிலைச் சொல்லு. தாழுமோ, தாழாதோ?"

"தாழாது அக்கா! பிளாஸ்டிக்தான் தாழாது. இரும்புதான் தாழும்!"

அவர் கொஞ்சம் யோசித்தார். தண்ணீர்த் தாங்கி மிதப்பதைக் கண்டிருப்பார் போல. "அதுவும் சரிதான்" என்று வடைப் பையை அவிழ்த்தார்.

நோய் தெரிந்துவிட்டது. மருந்து? பற்றரியிலிருந்து மூன்று ஓட்டைக்கும் திரும்புகிற வயர் ஒன்று வேண்டும். யார்ட் ஸ்டோர் பூட்டு. போயா என்றபடியால் கடைகளும் பூட்டு. கொட்டாஞ்சேனையில் என் கட்டிலுக்கு அடியில் ஒரு சுருள் வயர் கிடக்கிறதுதான். ஆனால் வயர்ச் சுருளும் தமிழ்ப் பெயரும் ஒரே பைக்குள் சோதனைச் சாவடி தாண்டிய கதையை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. நாளைக் காலையில் போகவேண்டியது படகு. விசாரணைக்கு நான் அல்ல.

அப்போதுதான் வெளியே பைலா மறுபடியும் தொடங்கியது.

மூவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினோம்.

ஸ்பீக்கர் வயர்!

"எப்பா, அய்யே, எப்பா!" வேண்டாம் அண்ணே, வேண்டாம் என்று நிமல் ஓட்டோவுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார். பிள்ளையைப் பறிக்க வந்தது போல. "என்ட செட் அய்யே! போன மாசம் தான் போட்டது!"

நான் சிங்களத்தில் கெஞ்சினேன். அன்ரன் தமிழில் கெஞ்சினான். நிமல் அசையவில்லை. பாக்கியம் அக்கா படகிலிருந்து இறங்கி வந்தார். அவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. ஒரு வடையை எடுத்து நிமலின் கையில் வைத்தார். மற்றக் கையால் சுதனைக் காட்டினார். பிறகு கடலைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைக் காட்டினார்.

நிமல் வடையைப் பார்த்தார். சுதனைப் பார்த்தார். லொட்ஜ் வாசலில் இந்த அம்மா நின்ற நாட்களில் எதிரே ஓட்டோவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"ஹரி, ஹரி... கன்ன" என்றார். சரி, எடுங்கள்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு எண்ணம் வந்து சிரிப்பும் வந்தது. என் கட்டிலுக்கு அடியில் கிடந்தால் அது சந்தேகத்துக்குரிய வயர். நிமலின் சீட்டுக்குப் பின்னால் பைலாவாக வந்தால் எல்லாச் சாவடியிலும் அதற்குச் சலாம்!

இரட்டை வயர் அது. நடுவில் பிளந்தால் இரண்டு மடங்கு நீளம். பிளந்தோம், முடிச்சுப் போட்டோம், ஒட்டினோம். மெத்தைகளுக்கு அடியால் பாம்பு போல விட்டோம். நிமல் ஆளே மாறிவிட்டார். தன் வயருக்குத் தானே டோர்ச் பிடித்தார். கடைசி முடிச்சை முறுக்கி, "போடு!" என்றான் அன்ரன்.

சுதன் போனைச் செருகினான்.

மின்னியது!

இரண்டாவது... மின்னியது! மூன்றாவது... மின்னியது! நாலு ஆண்பிள்ளைகள் ஒரு குட்டி அறைக்குள் குதித்ததில் படகு ஆடிய ஆட்டத்துக்கு, பாக்கியம் அக்கா கொடிமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டார். நான் என்னென்னவோ வேலையெல்லாம் செய்தவன். ஒரு சின்ன விளக்குக்காக இப்படிக் குதித்ததில்லை.

பின்னேரம் காப்டன் வந்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னோம். வயரை விரலால் உருட்டிப் பார்த்தார். சாமான் மெல்லியது, போனுக்கும் றேடியோவுக்கும் போதும், வேறெதையும் இதில் செருகக் கூடாது, மாலைதீவில் தடித்த வயர் மாற்றுவேன் என்றார். பிறகு றேடியோவைச் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வெந்த இறால் சிரித்தது.

மறுநாள் காலை கடற்படை வந்து படகைச் சோதிக்கும், வெளியாட்களுக்கு இடமில்லை. ஆகவே பாக்கியம் அக்காவும் நானும் வெள்ளவத்தையில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கற்களில் நின்றோம். அக்காவின் ஒரு கையில் குடை. மறு கையில் போன்.

வந்தது! வடக்கே, தூரத்தில், நகத்துண்டு போல ஒரு வெள்ளை முக்கோணம். எங்கள் படகு. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. மணல் மூட்டைக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரரைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கத்தினேன்.

போன் அடித்தது.

"அம்மா! தெரியுதோ? நான் கை காட்டுறன்!"

"தெரியுது மோனை, தெரியுது!" நகத்துண்டில் என்ன கை தெரியும்? அக்கா குடையை விரித்து ஆட்டினார். "சாப்பிட்டியோ? போனுக்குக் கரண்ட் ஏறுதோ?"

"ஏறுதம்மா. செருகித்தான் வச்சிருக்கிறன். அம்மா, நான் போய்..."

சத்தம் நின்றது.

அக்கா போனைக் குலுக்கினார். காதில் வைத்தார். மறுபடியும் குலுக்கினார். முகம் வெளிறிவிட்டது. "தம்பி... நீங்கள் பூட்டின வயர்..."

போனை வாங்கிப் பார்த்தேன். கறுப்பு. அமுக்கினேன். கறுப்பு. செத்தது சுதனின் போன் அல்ல. இது.

"அக்கா, ராத்திரி இதைச் சார்ஜ் போடேல்லையோ?"

"சார்ஜர் அவன்ர பையுக்க. ஒண்டு பழுதானால் ஒண்டு இருக்கட்டுமெண்டு வச்சுவிட்டன். நேற்றுப் புதுசு வாங்குவமெண்டால் கடையெல்லாம் பூட்டு."

வீட்டுச் சுவரில் குத்துகிற, மூன்று கால் சார்ஜர். நடுக்கடலில் எந்தச் சுவரில் குத்துவான்?

ஓடினேன். தண்டவாளம் தாண்டி, ஒழுங்கை தாண்டி, பெருந்தெருவான காலி வீதிக்கு. பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா. பாதி திறந்த ஷட்டருக்குள் காசுக்குப் போன் பேச விடுகிற ஒரு கொமியூனிகேஷன் கடைக்காரர் சாமிப் படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். பத்தியைப் பறித்துக் கீழே வைத்து, போனைக் கையில் திணித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் செருகினார்.

விளக்கு எரிந்தது. எரிந்த கையோடு போன் அலறியது. அவன் விடாமல் அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறான்!

சுவரில் தொங்கிய வயரின் நீளத்துக்குக் குனிந்து, மூச்சு வாங்கியபடி அக்கா பேசினார்.

"இல்லை மோனை, இல்லை... உன்ர வயர் நல்லாத்தான் கிடக்கு. என்ர பக்கம்தான் கழண்டது. நீ சொல்லு. போய்...?"

"போய் வாறன் அம்மா."

"ஓம். வா."

அன்ரனுக்கு இந்தச் சார்ஜர் கதையை நான் இன்னும் சொல்லவில்லை. உலகத்தில் லொறிக்காரர்கள் மட்டும்தான் பாதி வயர் இழுப்பவர்கள் என்று அவன் இன்னும் கொஞ்ச நாள் வெட்கப்படட்டும்!